கோட்டுக்கு அந்தப் பக்கம் தொண்ணூறு

ஞானப்பூவின் பெட்டி பொய் சொல்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கருவிகளை நான் எளிதில் நம்புகிறவள் அல்ல. இருபது வருடம் அரசாங்க நர்ஸாக இருந்தால் அந்தப் புத்தி தானாக வந்துவிடும்.

பெட்டி என்று நாங்கள் சொல்வது தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. புற்றுநோய் முற்றியவர்களுக்கு அடிவயிற்றில் தோலுக்குக் கீழே வைத்துத் தைத்துவிடுவார்கள். உள்ளே மார்பின் இருக்கும். உடம்பு வலியில் துடிப்பதை நரம்பிலிருந்து அதுவே தெரிந்துகொண்டு துளித் துளியாக மருந்தை விடும். துளி விட்டால் ஒரு முறை அதிரும். அன்றைய வரம்பு தீர்ந்துவிட்டால் இரண்டு முறை அதிரும். அதன் பிறகு மறுநாள் காலை ஐந்து மணி வரை கடவுள் விட்ட வழி. எங்கள் மாவட்டத்துக்கு வரம்பு, ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து துளி.

வாரம் ஒரு முறை வீடு வீடாகப் போய், பெட்டி இருக்கும் இடத்தில் ரீடரை வைத்து அந்த வாரக் கணக்கை எடுத்து வருவது என் வேலை. புதன்கிழமை சங்குவலசை. பாம்பன் தீவில் வடகடலைப் பார்த்தபடி இருக்கும் ஐம்பது வீடுகள். அதில் கடைசி வீடு ஞானப்பூவுடையது. கடல்பாசி எடுக்கிறவள். மூச்சை அடக்கிக்கொண்டு பாறைக்கு அடியில் போனால் நூறு எண்ணும்வரை மேலே வரமாட்டாள் என்று பேர் வாங்கியவள். இப்போது ஐம்பத்தொரு வயது, இடுப்பெலும்பு முழுக்க நோய். வலி வரும்போதும் அதே மாதிரிதான், கண்ணை மூடி மூச்சை அடக்கிக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள் எண்ணுவேன். சில நாள் நூற்றைத் தாண்டும்.

அன்று ரீடரில் வந்த கணக்கு இது. ஞாயிறு பதினைந்து. திங்கள் பதினைந்து. செவ்வாய் அறுபத்தெட்டு.

முந்தின வாரத்தைப் பார்த்தேன். வியாழன் எழுபது, வெள்ளி அறுபத்திரண்டு. மற்ற நாளெல்லாம் ஒழுங்காகப் பதினைந்து. பெட்டி பழுதானால் இப்படிக் கிழமை பார்த்தா பழுதாகும்? எனக்குச் சுருக்கென்றது. நானும் இந்தத் தீவில் பிறந்தவள்தான். விசைப்படகு போகிற நாளில் நாட்டுப்படகு போகாது, நாட்டுப்படகு போகிற நாளில் விசைப்படகு போகாது. செவ்வாயும் வியாழனும் வெள்ளியும் நாட்டுப்படகு நாள். ஞானப்பூவின் புருஷன் தொம்மையிடம் இருப்பது நாட்டுப்படகு.

ரீடரில் எவரும் திறந்து பார்க்காத ஒரு கட்டம் உண்டு. பெட்டி எந்த நாட்டில் இருந்தது என்று சொல்லும் கட்டம். திறந்தேன். செவ்வாய் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை ஞானப்பூ இலங்கையில் இருந்திருக்கிறாள்.

தொம்மை வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணே, அக்காவ வள்ளத்துல ஏத்திக்கிட்டுப் போனீங்களா?"

"பொம்பள ஏறுனா மீன் படாதுன்னு சொல்லுவாக. எனக்கு மீன் வேணாம் சிஸ்டர்."

"மீனப் பத்தி யாரு கேட்டா? எல்லைக் கோட்டத் தாண்டிருக்கீங்க. நேவி புடிச்சா வள்ளமும் போகும், நீங்களும் ரெண்டு வருஷம் உள்ள இருப்பீங்க."

உள்ளே இருந்து ஞானப்பூ பேசினாள். அவள் பேசுவதே அபூர்வம். "அவுகளத் திட்டாதீங்க சிஸ்டர். மொத நாள் தெரியாமத்தான் போச்சு. கடைசியா ஒரு தடவ கடலப் பாக்கணும்னு நாந்தான் கேட்டேன். நீவாட்டுத் தண்ணி வேகமா ஓடி வள்ளத்த இழுத்துருச்சு. இழுத்துட்டுப் போயி, ஒரு இடத்துல பொட்டி உறும ஆரம்பிச்சுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு... நிக்கவே இல்ல. நாலு மாசமா இல்லாத தூக்கம் சிஸ்டர். வள்ளத்துக்குள்ள, மீன் கூடைக்குப் பக்கத்துல தூங்கிட்டேன்."

"மறுநாளே மறுபடி போயிப் பாத்தேன்," என்றார் தொம்மை. "அதே இடம். ஒரு கயித்து தூரம் இந்தப் பக்கம் வந்தா நின்னுருது. அந்தப் பக்கம் போனா குடுக்குது. கடலுக்குள்ள சுவரா இருக்கு? தண்ணி ஒரே தண்ணிதான."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மாலை ஆறு மணிக்குள் நான் கணக்கை அனுப்பியாக வேண்டும். இதைப் பார்த்ததும், மருந்துக்கு வரம்பு வைக்கிற ஆணையம் பெட்டியைப் பூட்டிவிடும். அதன் பிறகு அவள் உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் பதினைந்துதான். அனுப்பாவிட்டால் என் வேலை போகும். நான் ரீடரைப் பையில் போட்டுக்கொண்டு, போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

நான் வாசல் தாண்டும்போது உள்ளே பெட்டி இரண்டு முறை அதிர்ந்தது. மணி பிற்பகல் இரண்டுதான் ஆகியிருந்தது.

*

டாக்டர் ஹபீபா எங்கள் பிரிவின் தலைவி. ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு இல்லாத கண்ணாடியை அவர் துடைத்தால் பதில் தேடுகிறார் என்று அர்த்தம்.

"அந்தப் பக்கம் வரம்பு எத்தன, டாக்டர்?"

"தொண்ணூறு."

"தொண்ணூறா! அங்க உள்ளவங்க உடம்பு என்ன இரும்பா?"

"உடம்பும் அதே உடம்பு, நோயும் அதே நோய். கணக்குதான் வேற. இந்த மருந்துக்காக எல்லா நாடும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டப்போ ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு வேணும்னு ஒரு கேள்வி வந்துச்சு பாக்கியசீலி. வலிய எப்படி அளக்கறது? முடியல. அதனால சுலபமா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. போன அஞ்சு வருஷத்துல அந்த இடத்துல ஒரு நோயாளிக்குச் சராசரியா எவ்வளவு செலவாச்சோ, அதுதான் அந்த இடத்தோட தேவை. நாட்டுக்கு நாடு அப்படி, நாட்டுக்குள்ள மாவட்டத்துக்கு மாவட்டமும் அப்படி."

"நாமதான் குடுக்கவே இல்லையே."

"அதான். பட்டினி கெடந்தவனப் பாத்து, இவன் சாப்பிடாமலே இருந்தான், இவனுக்குப் பசியே கெடையாதுன்னு எழுதிட்டாங்க. அந்தப் பக்கம் சண்டை முடிஞ்ச பிறகு நிறையப் பேருக்குக் கைகால் போன வலி. நாலு டாக்டருங்க துணிஞ்சு எழுதுனாங்க. அவங்க எழுதுனது எண்ணிக்கையாச்சு, எண்ணிக்கை வரம்பாச்சு."

"நாம ஏன் எழுதல?"

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். "நான் படிச்சு முடிச்ச புதுசுல எங்க சீனியர் ஒருத்தர் ஒரு கிழவருக்கு மார்பின் எழுதினார். அதுல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு மூணு மாசம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையா நடந்தார். அதப் பாத்த பயத்துல நான் பாராசிட்டமாலா எழுதித் தள்ளியே தலை நரைச்சுட்டேன். இந்த மார்பின எடுக்கிற அபினி நம்ம நாட்டுலதான் விளையுது, தெரியுமா? நாம விளைய வச்சு, காய்ச்சி, கப்பல்ல ஏத்தி அனுப்புறோம். அமெரிக்காவுல அத அள்ளி அள்ளிக் குடுத்து, இளவட்டமெல்லாம் அடிமையாகி லட்சக்கணக்குல செத்துப்போச்சு. அவங்க வீட்டுல வெள்ளம் வந்ததுன்னு ஒரு பூட்டு கண்டுபிடிச்சாங்க. அதே பூட்டக் கொண்டாந்து, குழாயில தண்ணியே வராத நம்ம வீட்டுலயும் மாட்டிட்டாங்க."

"அப்புறம் கோட்டத் தாண்டுனா மட்டும் ஏன் குடுக்குது?"

"பெட்டி எங்க நிக்குதோ அந்த இடத்துச் சட்டத்துக்குத்தான் கட்டுப்படும். வசதியானவங்க விமானத்துல போய் வைத்தியம் பாக்கறதுக்காக எழுதுன விதி அது. ஒரு வள்ளக்காரன் அந்த விதிக்குள்ள துடுப்புப் போட்டு வருவான்னு யாரும் நினைக்கல."

டாக்டர் தன் பாவத்தைச் சொன்னார். என் பாவத்தை நான் அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். பெட்டி வருவதற்கு முன் நோட்டும் பேனாவுமாகத்தான் வீடு வீடாகப் போவேன். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும். நாலுக்கு மேல் போனால் மார்பின் கேட்டு மூன்று பிரதியில் படிவம், டாக்டருக்குப் போன், மறுநாள் மறுபடி ஒரு நடை. எங்கள் சனங்களுக்கு அது தெரியும். வெயிலில் வந்தவளை அலைய விடக்கூடாது என்று ஒரு மரியாதை. "ரெண்டு போட்டுக்கங்க சிஸ்டர், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். சொல்லிவிட்டு மோர் கொடுப்பார்கள். நானும் மோரைக் குடித்துவிட்டு ரெண்டு என்று எழுதுவேன். ஒரு நாள் இல்லை இரண்டு நாள் இல்லை, ஐந்து வருடம். பாயைப் பற்களால் கடித்துக்கொண்டு கிடந்தவர்களுக்கெல்லாம் ரெண்டு. இன்றைக்கு வரம்பாக நிற்கிற அந்தப் பதினைந்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

"இத நான் அனுப்பாம இருக்க முடியாதா டாக்டர்?"

"முடியாது. ஆனா கணக்கு விசித்திரமா இருந்தா, நேர்ல சரிபாத்துட்டு அனுப்ப ஒரு நாள் அவகாசம் உண்டு. நாளைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"போய் நேர்ல பாத்துட்டு வந்து எழுது," என்றார். எங்கே போய் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

*

காலை ஐந்து மணிக்கு வள்ளம் கிளம்பியது. நான், தொம்மை, நடுவில் பாயில் ஞானப்பூ. அவளைத் தூக்கி ஏற்றும்போது அவள் கத்தவில்லை. தொம்மையின் தோளைக் கடித்துவிட்டாள். சட்டையில் இரத்தம் கண்டது. அவர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள், தலைமாட்டில் ஒரு துணி மூட்டை. கடலுக்கு வருகிறவளுக்கு எதற்கு இந்தச் சிங்காரம் என்று நினைத்தேன்.

கிளம்பிய ஒரு மணி நேரத்தில் பதினைந்தும் தீர்ந்தது. அலை வள்ளத்தைத் தூக்கிப் போடுகிற ஒவ்வொரு தடவையும் அவள் இடுப்பு தரையில் மோதும். நான் என் மடியில் அவள் காலை வைத்துக்கொண்டேன். அவள் மூச்சை அடக்கினாள். எண்பது, தொண்ணூறு, நூற்றுப் பத்து. மூச்சு விட்டதும் ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம் போலவே இல்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் அழக்கூடாது என்று படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் இந்த வள்ளத்தில் வந்ததில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே?"

"பேசாம இருங்க சிஸ்டர், வந்துருச்சு."

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொம்மை மோட்டாரைக் குறைத்தார். சுற்றிலும் வெறும் தண்ணீர். எந்த அடையாளமும் இல்லை. என் கை ஞானப்பூவின் வயிற்றின் மேல் இருந்தது. பெட்டி ஒரு முறை அதிர்ந்தது. மறுபடி ஒரு முறை. மறுபடி. பிறகு வரிசையாக.

கால் மணி நேரத்தில் அவள் முகம் மாறிப்போனது. புருவத்துக்கு நடுவில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. பசிக்கிறது என்றாள். நான் கொண்டுபோயிருந்த இட்லியில் ஒன்றைத் தின்றாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லையே ஏன் என்று கேட்டாள்.

"ஆளு கெடைக்கல அக்கா."

"கெடைச்சிருப்பான். நீங்க வாயத் தொறந்திருப்பீங்க, ஓடிருப்பான்," என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு வருடமாக அவளைப் பார்க்கிறேன். அவளுக்குக் கிண்டல் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நோயாளியைத்தான் நான் பார்த்திருக்கிறேன், ஞானப்பூவைப் பார்த்ததே இல்லை.

ஒன்பதரை மணிக்கு மேலே ஒரு ட்ரோன் வந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கள் தலைக்கு நேராக நின்றது. தொம்மை பாய்ந்துபோய் மோட்டாரைப் பிடித்தார்.

"ரோந்து வருது. திரும்புறோம். இப்ப கெளம்புனா கோட்டுக்குள்ள போயிரலாம்."

"வேணாம்," என்றாள் ஞானப்பூ.

"என்ன வேணாம்?"

"மோட்டார நிறுத்துங்க. இன்னைக்கு நான் திரும்பல."

தொம்மை அவளைப் பார்த்தார். அப்புறம் துணி மூட்டையைப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. ஆஸ்பத்திரிக் காகிதம், ஆதார் அட்டை, செபமாலை எல்லாவற்றையும் அவள் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

"புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" தொம்மை மூட்டையைக் காட்டினார். "முப்பது வருஷமா இவங்ககிட்ட மாட்டக்கூடாதுன்னு ஓடிக்கிட்டிருக்கோம். நீயா போயி நிக்கிறியா?"

"திரும்புற வழி ஒங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க வள்ளம் ஓட்டுறீக. கோட்டத் தாண்டுனதும் நின்னுருது. ஏற்கெனவே அறுபதுக்கு மேல போயிருச்சுன்னு அன்னைக்கு முழுக்க ஒரு சொட்டு விடாது. இங்க நாலு மணி நேரம் சிரிச்சதுக்கு அங்க விடிய விடியத் தண்டன. போன செவ்வாக்கெழமை ராத்திரி கெணத்துக்கிட்ட தவழ்ந்து போனேன். நீங்க தூங்குனீக. சுவரு உசரம், ஏற முடியல. அதான் இருக்கேன்."

தொம்மை மோட்டாரிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பானேன்? நான் அரசாங்க ஊழியர். எல்லை தாண்டி, வேற்று நாட்டுக் கடலில், மார்பின் பெட்டி வைத்த நோயாளியோடு இருக்கிறேன். பிடித்தால் கடத்தல் வழக்குதான். திரும்பலாம் என்று சொல்ல வாய் துடித்தது. அவள் வயிற்றில் கை வைத்திருந்ததால் சொல்ல முடியவில்லை.

ரோந்துப் படகு வந்துவிட்டது. சின்னப் படகு. இரண்டு பேர் துப்பாக்கியோடு நின்றார்கள். மூன்றாவது ஆள், கையில் சிவப்புச் சிலுவைப் பட்டை கட்டியவர், எட்டிப் பார்த்தார்.

"ஏன் எல்லை தாண்டி வந்தனீங்கள்? வலை எங்கே?"

"வலை இல்லீங்க," என்றார் தொம்மை.

"மீன் பிடிக்கிற படகிலை வலை இல்லையெண்டால் வேறை என்ன கடத்துறியள்?"

நான் எழுந்து நின்றேன். நர்ஸ் அட்டையைக் காட்டி, நோய், பெட்டி, பதினைந்து, தொண்ணூறு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் எங்கள் வள்ளத்தில் இறங்கினார். ஞானப்பூவின் அருகில் குந்தி, பெட்டி இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். நான் எப்படி வைப்பேனோ அப்படியே வைத்தார்.

"எங்கையெல்லாம் பரவீட்டுது?"

"இடுப்பு, தொடை. முதுகிலயும் ஒரு இடத்துல."

"அங்கை பதினைஞ்சு துளிதானோ இதுக்கு?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஞானப்பூ அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "தம்பி, என்னக் கைது பண்ணுங்க. எந்த ஜெயில்ல வேணாலும் போடுங்க. அது இந்தத் தண்ணிக்கு அந்தப் பக்கமா இருந்தாப் போதும்."

அவர் பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார், அப்புறம் கடலைப் பார்த்தார். வெகு தூரத்தில் ஒரு சாம்பல் நிறக் கப்பல் தெரிந்தது.

"பெரிய கப்பல் வர இருபது நிமிஷம். அது வந்தால் படகும் போகும், மூண்டு பேரும் போவியள். ஐயாவைக் கொண்டுபோய் மறியல் சிறையிலை போடுவினம், அம்மாவை ஆஸ்பத்திரியிலை. ரெண்டும் வேறை வேறை ஊர்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு படகைப் பிடிச்சால் நான் முப்பது கடதாசி நிரப்போணும். கடலிலை ஒரு நோயாளியைக் கண்டெடுத்தால் ஒரு கடதாசி. எனக்குக் கை வலி. விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. தொம்மைக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

"நானும் வாரேன் தம்பி. அவள விட்டுட்டு நான் போயி என்ன செய்ய?"

"நீங்கள் வந்தால் இந்த நர்ஸ் அம்மாவை ஆர் கொண்டுபோறது? அவ தண்ணியிலை நடப்பாவோ? வந்தாலும் நீங்கள் மனிசியைப் பார்க்க ஏலாது ஐயா. கம்பிக்குள்ளை இருப்பியள்."

நான் அங்கே இல்லாவிட்டால் தொம்மை வள்ளத்தை அலையில் விட்டுவிட்டு அவளோடு போயிருப்பார். சிறையானாலும், வேறு ஊரானாலும். என்னைக் கரை சேர்ப்பதற்காகத்தான் அவர் திரும்பினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பாயோடு சேர்த்து அவளை மாற்றி ஏற்றினார்கள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு முழம் தண்ணீர். தொம்மை அந்தப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"ஒன்ன எங்க அடக்கம் பண்ணுவாங்கன்னுகூட எனக்குத் தெரியாதுடி."

"அங்கயும் மாதா கோயில் இருக்கு," என்றாள். "வெறும் வயித்தோட கடலுக்குப் போகாதீங்க. கைய விடுங்க, கப்பல் வருது."

அவர் கையை விடவில்லை. அந்த ஆள்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

*

அன்று மாலை கணக்கை அனுப்பினேன். படிவத்தில் 'நோயாளி நாடு மாறினார்' என்று ஒரு கட்டம் உண்டு. லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போகிறவர்களுக்காக வைத்தது. அதில் குறி விழுந்தால் பெட்டியைப் பூட்டமாட்டார்கள். ஒரு குறி போட்டேன். பொய் இல்லை.

ஞானப்பூ பத்தொன்பது நாள் இருந்தாள். அந்த மருத்துவ உதவியாளர் எப்படியோ என் எண்ணைத் தேடி ஒரு செய்தி அனுப்பினார். கடைசி வாரம் பக்கத்துக் கட்டில்காரிகளுக்குப் பாசி எடுக்கிற கதை சொல்லிக்கொண்டிருந்தாளாம். தூக்கத்திலேயே போய்விட்டாளாம். நான் அதைத் தொம்மையிடம் படித்துக் காட்டினேன். கத்துனாளா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் இல்லை என்றேன்.

கடற்கரையில் எந்தச் செய்தி நிற்கும்? அந்த வருடத்துக்குள் வலை இல்லாத வள்ளங்கள் வேறு ஊர்களிலிருந்தும் கோட்டுக்குப் போக ஆரம்பித்தன. சில பேர் போய்த் திரும்பினார்கள். சில பேர் திரும்பவில்லை. ஒரு வள்ளம் பெரிய கப்பலிடம் மாட்டி, அண்ணன் தம்பி இரண்டு பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். என் பட்டியலில் மட்டும் நாற்பத்தொரு பேருக்கு 'நாடு மாறினார்' போட்டிருந்தேன்.

ஜனவரியில் ஆணையத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. டாக்டர் ஹபீபா அதை என்னிடம் நீட்டினார்.

'இம்மாவட்டத்தில் வலி நிவாரண மருந்தின் பயன்பாடு கணிசமாகக் குறைந்துள்ளது. நோயாளிகளின் நலனில் ஏற்பட்டுள்ள இந்த முன்னேற்றத்துக்காகக் களப்பணியாளர்களுக்குப் பாராட்டுகள். திருத்தப்பட்ட புதிய வரம்பு: பதினொன்று.'

"அங்க போய் வாங்குனதெல்லாம் அங்கத்துத் தேவையாச்சு," என்றார் டாக்டர். "பேரு மட்டும் இங்கத்துப் பட்டியல்லயே நிக்குது, தேவை பூஜ்யம்னு ஆணையம் எழுதிக்கிச்சு. அடுத்த வருஷம் அங்க தொண்ணூத்தி ரெண்டு ஆகும்."

அன்று மதியம் தொம்மை ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆள் மெலிந்திருந்தார். மரத்தடியில் உட்காரவைத்து விவரத்தைச் சொன்னேன். அவரிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருத்தரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால், இங்கே கிடக்கிற நூற்றைம்பது பேரிடமிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கினதாக ஆகிறது என்றேன்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அவ இங்கயே கெடந்து கத்திச் செத்துருக்கணும்ங்கிறீங்களா சிஸ்டர்?"

"இல்லண்ணே. அப்படிச் சொல்லல."

"எனக்குக் கணக்குத் தெரியாது. வள்ளம் சும்மாதான் கெடக்கு." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு நாட்டுப்படகு நாளு. யாரக் கூட்டிட்டுப் போகட்டும்? நீங்க சொல்லுங்க, ஒங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்."

கணக்கு எனக்குத் தெரியும். பதினொன்று பத்தாகும், பத்து எட்டாகும். நான் வாயைத் திறந்து சொல்லப்போகிற பெயரால் எந்தெந்த வீட்டில் எத்தனை மணிக்குப் பெட்டி இரண்டு முறை அதிரும் என்று முகம் முகமாக எனக்குத் தெரியும். அவர் காத்துக்கொண்டு நின்றார். அவரைப் போகச் சொல்லிவிட என்னால் முடிந்திருந்தால் நான் இன்னும் நல்ல நர்ஸாக இருந்திருப்பேன், அல்லது இன்னும் மோசமான நர்ஸாக.

"ஓலைக்குடா ரெஜினா," என்றேன். "முப்பத்தாறு வயசு. முதுகெலும்புல நோய். உக்கார முடியாதுண்ணே, படுக்க வச்சுத்தான் கொண்டுபோகணும்."